ஒரு பாடி ஸ்லாமுக்கு இரண்டு பேர் வேண்டும்

சாதாரண சண்டை கேமில் ஒரு குத்து விடுவது எளிய கணக்கு. அடிப்பவரின் கையைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி, எதிராளியின் உடம்பைச் சுற்றி இன்னொன்று. இரண்டும் உரசினால் அடி விழுந்துவிட்டது. அடித்தவர் தன் அசைவை முடிப்பார், வாங்கியவர் தன் பாட்டுக்குத் தலையைப் பின்னால் சாய்ப்பார்.

ரெஸ்லிங் கேமுக்கு இந்தப் பெட்டிக் கணக்கு போதாது. ஒருவரை அலாக்காகத் தூக்கி, தோள் உயரத்தில் புரட்டி, முதுகு படும்படி தரையில் போட வேண்டும். முழுக்க இயற்பியல் கணக்கிடம் விட்டால் துணி மூட்டையைத் தூக்கிய மாதிரிதான் இருக்கும். அதனால் கேம் ஒரு தந்திரம் செய்கிறது. பிடி விழுந்த கணமே இரண்டு கன்ட்ரோலர்களிடமிருந்தும் உடம்பைப் பிடுங்கிக்கொண்டு, இருவருக்கும் சேர்த்துப் பதிவான ஒரே அசைவை ஓட்டிவிடுகிறது. அசைவை ஒவ்வொரு படமாக, அதாவது ஃபிரேமாகப் பிரித்தால், தூக்குபவரின் 20-வது ஃபிரேமுக்குத் தூக்கப்படுபவரின் 20-வது ஃபிரேம் ஜோடி. நிஜ ரிங்கிலும் தூக்கப்படுபவர் லேசாக எம்பிக் கொடுத்தால்தானே ஸ்லாம் அழகாக விழும்!

ஆனால் ஜோடி அசைவு தொடங்க, இருவரும் சரியான தூரத்தில், சரியான கோணத்தில் நிற்க வேண்டும். விளையாடும்போது யார் அப்படி நிற்கிறார்கள்? எனவே சில ஃபிரேம்களுக்குள் இருவரையும் அந்த இடத்துக்கு இழுத்து வைக்கிறது கேம். கால் எடுத்து வைக்காமலே வீரர் தரையில் வழுக்கி நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைக் கோளாறு என்று திட்டுவார்கள். எனக்கென்னவோ அந்த வழுக்கல் பிடிக்கும்.

அடுத்த தொல்லை உடல்வாகு. ரிங் அறிவிப்பாளர் சொல்லும் கணக்குப்படி ரே மிஸ்டீரியோ என்ற வீரர் 5 அடி 6 அங்குலம், பிக் ஷோ என்ற வீரர் 7 அடி. பதிவான அசைவை அப்படியே ஓட்டினால் ஒருவரின் கை இன்னொருவரின் வயிற்றுக்குள் புகும், அல்லது காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதைச் சரிசெய்ய, கை எங்கே படவேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்கு முழங்கையும் தோளும் எவ்வளவு மடங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். எடை விஷயம் இன்னும் எளிது. கேமுக்குள் யாருக்கும் கனம் கிடையாது. பல கேம்களில் இருவரின் எடைப் பிரிவையும் ஒப்பிட்டு, தூக்கலாமா கூடாதா என்று பார்ப்பதோடு சரி.

அசைவு ஓடத் தொடங்கிவிட்டால் மாட்டிக்கொண்டவருக்கு என்ன வேலை? அங்கேதான் ரிவர்சல், அதாவது சரியான நேரத்தில் பட்டனை அழுத்தி அந்தப் பிடியைத் திருப்பிவிடுவது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. திரையில் ஒன்றைப் பார்த்து விரலை அழுத்த மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிநொடி ஆகும். அதாவது 12 முதல் 15 ஃபிரேம். ரிவர்சலுக்குக் கிடைக்கும் நேரம் அதற்குள் முடிந்துவிட்டால், பார்த்து அழுத்த முடியாது, முன்கூட்டியே ஊகித்துத்தான் அழுத்த வேண்டும். தோள் சாய்வது, கால் அகல்வது போன்ற ஆயத்த அசைவுகளைக் கொஞ்சம் நீட்டி வைப்பது நமக்கு அந்த அவகாசத்தைத் தரத்தான். டிவியில் படத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போடாமல் ஆடினால் படத்தை மெருகேற்றும் வேலையிலேயே சில ஃபிரேம்கள் போய்விடும். அப்புறம் ரிவர்சல் விழவில்லை என்று கன்ட்ரோலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டது. ரெஸ்லிங்குக்கு உயிர் நாடகம் அல்லவா? 2000-இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். நோ மெர்சி என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ பட்டனைத் தட்டினால் லேசான பிடி, அழுத்திப் பிடித்தால் வலுவான பிடி. அடிக்க அடிக்க, கூட்டத்தைப் பார்த்துச் சீண்டச் சீண்ட ஒரு மீட்டர் ஏறும், அடி வாங்கினால் இறங்கும். அது உச்சிக்குப் போனபின் வலுவான பிடி போட்டு கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தட்டினால்தான் ஃபினிஷர், அதாவது ஆட்டத்தை முடிக்கும் அந்த வீரரின் தனி அடி. உடம்பில் மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் பட்டை அதில் கிடையாது. யார் பக்கம் ஆட்டம் சாய்கிறது என்பதைத்தான் அந்த மீட்டர் சொல்லும்.

1989-இல் ஜப்பானில் தொடங்கிய ஃபயர் புரோ ரெஸ்லிங் கேம் தொடர் இதை இன்னும் கறாராகச் செய்கிறது. பிடி விழுந்ததும் பட்டனைப் படபடவென்று தட்டினால் தோற்பீர்கள். இருவரும் கால் ஊன்றும் கணத்தில் ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும். ஆட்டம் தொடங்கியதுமே பெரிய அடிக்குப் போனால் எதிராளி அதைத் திருப்பிவிடுவார். சிறியது, நடுத்தரம், பெரியது என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முடிந்தபின் ஆட்டம் எவ்வளவு சுவாரசியமாக இருந்தது என்று சதவீதத்தில் மதிப்பெண் வரும்.

இதே தொடரில் 2018-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த ஃபயர் புரோ ரெஸ்லிங் வேர்ல்டில் கணினி ஆடும் வீரரின் புத்தியையும் நாமே எழுதலாம். எதிராளி லேசாக அடிபட்டிருக்கும்போது இந்த அடிக்கு 30 சதவீதம் வாய்ப்பு, துவண்டு கிடக்கும்போது அந்த அடிக்கு 60 சதவீதம் என்று நிரப்பிக்கொண்டே போகலாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து இரண்டு வீரர்களுக்கு இப்படி எண்களை நிரப்பி, கடைசியில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேரும் மோதுவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகர்கள் நிறைய உண்டு.