எழுத்தாலான உலகின் கடிகாரம்: மட் விளையாட்டில் நுழைபவருக்கு

திரையில் படமோ அசைவோ ஒலியோ இல்லை. ஓர் அறையின் பெயர், அதை விவரிக்கும் நான்கைந்து வரிகள், வெளியேறும் திசைகள், அவற்றின் கீழே கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு வெற்று வரி: பலர் ஒன்றாக விளையாடும் 'மட்' எனப்படும் எழுத்து விளையாட்டில் முதன்முறை நுழைபவர் காண்பது இவ்வளவுதான். சில நொடிகளில், எவரோ கிழக்கிலிருந்து வந்ததாகவும், காவலன் ஒருவன் வடக்கே நடந்ததாகவும், தொலைவில் இருக்கும் ஒருவர் உதவி கேட்பதாகவும் புதிய வரிகள் ஓடத் தொடங்கும். கட்டளைப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். மறுமுனையில் உள்ள சர்வர் அந்த வரிகளை எப்போது, எதனால் அனுப்புகிறது என்று அறிந்துகொள்வதே அதைவிட நல்ல தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. அது புரிந்தால் கட்டளைகள் தாமாகவே நினைவில் தங்கும்.

இவ்வகை விளையாட்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் டிரப்ஷா என்ற மாணவரிடமிருந்து தொடங்கியது. அங்கிருந்த பிடிபி-10 கணினியில், வெவ்வேறு பயனர்கள் இயக்கும் நிரல்கள் நினைவகத்தின் ஒரே பகுதியைப் பகிர்ந்து, அதில் எழுதவும் முடிந்தது. ஒருவர் அறையில் ஒரு வாளைக் கீழே வைத்தால், அந்த மாற்றம் பகிரப்பட்ட நினைவகத்தில் பதிவாகும். அதே அறையில் நிற்கும் இன்னொருவரின் நிரலுக்கும் அது தெரியும். பலர் ஒரே உலகில் வாழ்வது என்ற எண்ணத்தின் தொழில்நுட்ப வேர் இதுதான். 1980-இல் பொறுப்பேற்ற ரிச்சர்ட் பார்ட்டில் அந்த உலகை விரிவாக்கினார். பின்னர் 1989-இல் ஸ்வீடனின் லார்ஸ் பென்ஷோ உருவாக்கிய எல்பிமட், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை மாணவர்கள் 1991-இல் வெளியிட்ட டிகுமட் ஆகியவற்றிலிருந்து இரண்டு பெரிய கிளைகள் வளர்ந்தன. டிகுமட்டின் வழிவந்த சர்க்கிள்மட்டை ஜெரமி எல்சன் 1993-இல் வெளியிட்டார். அதன் மூலநிரல் தெளிவாகவும் எவரும் படிக்கும்படியாகவும் இருப்பதால், கீழே நான் தரும் எண்கள் அதன் இயல்பு அமைப்பைச் சேர்ந்தவை. மற்ற விளையாட்டுகள் இவற்றை மாற்றிக்கொண்டிருக்கும். ஆனாலும் அடிப்படை ஒழுங்கு பெரும்பாலும் இதுவே.

இணைப்பிலிருந்து தொடங்குவோம். மட் சர்வருடன் பேசுவதற்கு ஒரு முகவரியும் ஒரு போர்ட் எண்ணும் போதும். டிகு வழிவந்த விளையாட்டுகளில் 4000 என்ற எண்ணைப் பரவலாகக் காணலாம். பேசும் மொழி, 1983-இல் வரையறுக்கப்பட்ட டெல்நெட் நெறிமுறை. நீங்கள் ஒரு வரியைத் தட்டி என்டர் விசையை அழுத்தியதும் அந்த எழுத்துகள் அப்படியே பைட்டுகளாகச் செல்கின்றன. பதிலும் அவ்வாறே வருகிறது. எழுத்துக்கு இடையே 255 என்ற பைட் வந்தால் மட்டும், அடுத்து வருவது படிப்பதற்கான எழுத்தன்று, கருவிகளுக்கு இடையிலான பேச்சு என்று பொருள். கடவுச்சொல்லைக் கேட்கும் நேரத்தில் சர்வர் 255, 251, 1 என்று மூன்று பைட்டுகளை அனுப்புகிறது. 'எழுத்துகளைத் திரும்பக் காட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பது அதன் கருத்து. உடனே உங்கள் மென்பொருள், தட்டும் எழுத்துகளைத் திரையில் காட்டுவதை நிறுத்துகிறது. சர்வரும் காட்டுவதில்லை என்பதால் கடவுச்சொல் மறைகிறது. ஆனால் அது மறைவது திரையில் மட்டுமே. வெறும் டெல்நெட்டில் எந்தக் குறியாக்கமும் இல்லாததால், வழியில் கேட்கக்கூடியவர் அதைப் படிக்கலாம். ஆகவே வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை இங்கே தேர்ந்தெடுப்பது கட்டாயம். பாதுகாப்பான இணைப்புக்கென்று தனிப் போர்ட் தரப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும்.

உள்ளே இருக்கும் உலகம், எண்ணிடப்பட்ட அறைகளின் தொகுப்பு. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு விவரணை, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மேலே, கீழே என ஆறு திசைகளுக்கான இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் அடுத்த அறையின் எண் இருக்கும், அல்லது வெறுமையாக இருக்கும். காடும் கடலும் கோபுரத்தின் உச்சியும் சர்வருக்கு அறைகளே. நடப்பது என்பது உங்கள் பாத்திரத்தை ஓர் அறையின் பட்டியலிலிருந்து நீக்கி இன்னோர் அறையின் பட்டியலில் சேர்ப்பது மட்டுமே; 'கிழக்கிலிருந்து ஒருவர் வந்தார்' என்ற வரி, அந்தச் சேர்ப்பு நிகழும்போது அந்த அறையில் உள்ள மற்றவர்களுக்கு அனுப்பப்படுவது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த இணைப்புகள் இருவழியாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை என்பதாகும். கிழக்கே சென்றவர் மேற்கே திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வருவார் என்று சொல்ல முடியாது. சில காடுகள் வழிதவற வைப்பதற்கென்றே அவ்வாறு பின்னப்பட்டவை. தொடக்கத்தில் ஒரு தாளில் வரைபடம் வரைவது பயனுள்ளது. மட்லெட் போன்ற இலவச மென்பொருள்கள், சர்வர் அறை எண்ணையும் சேர்த்து அனுப்பும் விளையாட்டுகளில், நடக்க நடக்க வரைபடத்தைத் தாமே வரைந்துவிடும்.

கட்டளையைப் புரிந்துகொள்ளும் முறை எளியது. சர்வரிடம் கட்டளைகளின் வரிசைப் பட்டியல் ஒன்று உண்டு. நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிய முதற்சொல்லை அது மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, அந்த எழுத்துகளில் தொடங்கும் முதல் கட்டளையை ஏற்றுக்கொள்கிறது. திசைகள் பட்டியலின் தலையில் இருப்பதால் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து தெற்கே நடத்துகிறது. பேசுவதற்கான 'சே' கட்டளைக்கு இன்னும் சில எழுத்துகள் தேவைப்படுகின்றன. அறையை மீண்டும் காட்டும் 'லுக்', கைப்பொருள்களைக் காட்டும் 'இன்வென்டரி', உங்கள் நிலையைச் சொல்லும் 'ஸ்கோர்', எதிரியின் வலிமையை மதிப்பிடும் 'கன்சிடர்', விளக்கம் தரும் 'ஹெல்ப்' ஆகியவையே முதல் மணிநேரத்துக்குப் போதுமானவை. இவற்றுள் 'கன்சிடர்' மிகவும் மதிப்புள்ளது. தாக்குவதற்கு முன் அதைத் தட்டும் பழக்கம் பல இறப்புகளைத் தவிர்க்கும்.

இனி நேரத்தைப் பார்ப்போம். இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சர்வர் நொடிக்கு 10 முறை ஒரே சுழற்சியைச் செய்கிறது: புதிதாக வருபவர்களை ஏற்கிறது, வந்த எழுத்துகளைப் படிக்கிறது, ஒவ்வொருவருடைய வரிசையிலிருந்தும் அதிகபட்சம் ஒரு கட்டளையை நிறைவேற்றுகிறது, பதில்களை அனுப்புகிறது, உலகின் மற்ற வேலைகளைப் பார்க்கிறது. 2 நொடிக்கு ஒருமுறை போரில் இருப்போர் அனைவரும் ஒரு சுற்று அடித்துக்கொள்கிறார்கள்; நீங்கள் எதையும் தட்டாவிட்டாலும் அடி விழும், நீங்களும் அடிப்பீர்கள். 10 நொடிக்கு ஒருமுறை காவலர்களும் விலங்குகளும் தத்தம் விருப்பப்படி நகர்கின்றன. 75 நொடி விளையாட்டுலகின் ஒரு மணிநேரம். எனவே அங்கே ஒரு நாள் நமது 30 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சுழற்சியை அறியாதவர் போரில் ஒரு குறிப்பிட்ட வகையில் சிக்கிக்கொள்கிறார். வலுவான தாக்குதல் கட்டளைகளுக்குப் பிறகு சர்வர் உங்களுக்குச் சில நொடிகள் தாமதம் விதிக்கும். அந்த இடைவெளியில் நீங்கள் தட்டுபவை தொலைவதில்லை, வரிசையில் நிற்கின்றன. பதற்றத்தில் அதே தாக்குதலை நான்கு முறை அனுப்பிவிட்டு, பிறகு தப்பி ஓடும் 'ஃப்ளீ' கட்டளையைத் தட்டினால், அது அந்த நான்குக்கும் பின்னால்தான் வரும். ஒரு கட்டளைக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவது, வேகமாகத் தட்டும் திறமையைவிடப் பெரிய பாதுகாப்பு.

ஓடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. 'ஃப்ளீ' வந்ததும் சர்வர் ஆறு திசைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, அங்கே வழி இருந்தால் உங்களை அனுப்புகிறது. இல்லையெனில் மறுபடி முயல்கிறது, மொத்தம் ஆறு முறை. ஒரே வாசல் உள்ள அறையில் ஒவ்வொரு முயற்சியும் தோற்பதற்கான வாய்ப்பு ஆறில் ஐந்து. ஆறு முயற்சிகளும் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 33 விழுக்காடு. நான்கு வாசல் உள்ள அறையிலோ அது 0.14 விழுக்காடுதான். முட்டுச்சந்தில் நின்று சண்டையிடுவதும் நாற்சந்தியில் சண்டையிடுவதும் எவ்வளவு வேறானவை என்பதை விவரணையின் அழகு சொல்லாது. வெளியேறும் திசைகளின் பட்டியல் சொல்லிவிடும்.

காயம் ஆறுவது அந்த 75 நொடித் துடிப்போடு சேர்ந்து நடக்கிறது. உட்கார்ந்து ஓய்வெடுத்தால் ஒவ்வொரு துடிப்பிலும் மீளும் உயிர்ப்புள்ளிகள் கால் பங்கு கூடும். உறங்கினால் பாதி கூடும். பசியோ தாகமோ முற்றியிருந்தால் அது நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும் என்பதால், உணவும் நீரும் வெறும் அலங்காரமல்ல. இறந்துபோனால் உங்கள் உடைமைகள் உடலோடு அந்த அறையிலேயே கிடக்கும். பத்துத் துடிப்புகளில், அதாவது பன்னிரண்டரை நிமிடத்தில், உடல் சிதைந்துவிடும். இந்தக் கடுமையைப் புதியவர்களுக்குத் தளர்த்தும் விளையாட்டுகள் ஏராளம். தான் சேர்ந்த விளையாட்டின் விதி எது என்பதை முதல் சண்டைக்கு முன் 'ஹெல்ப்' வழியாகப் படித்துக்கொள்வது நல்லது.

எதில் சேர்வது என்பதற்குப் பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரை இன்றும் உதவுகிறது. சாதிக்க விரும்புவோர், உலகை ஆராய விரும்புவோர், பழக விரும்புவோர், பிறரை வீழ்த்த விரும்புவோர் என்று ஆடுவோரை அவர் நால்வகையாகப் பார்த்தார். நிலைகளை ஏறிச் செல்வதில் நாட்டமுள்ளவருக்கு 1996-இல் தொடங்கிய ஆர்ட்வுல்ஃப் பொருந்தும். நகரங்கள், கூட்டணிகள், ஆடுவோருக்கு இடையிலான அரசியல் ஆகியவற்றை நாடுபவருக்கு 1997-இல் தொடங்கிய அக்கேயா பொருந்தும். எல்லாமே எழுத்தாக வருவதால், திரைவாசிப்பான் மென்பொருளோடு ஆடும் பார்வையற்றவர்களும் இவற்றில் மற்றவர்களுக்கு நிகராகப் பங்கேற்கிறார்கள். வேறெந்த வகைக் கணினி விளையாட்டும் இதை இவ்வளவு இயல்பாகச் செய்ததில்லை என்று நான் கருதுகிறேன்.

ஒரு வரி வந்ததும் தானாகக் கட்டளை அனுப்பும் 'ட்ரிகர்' வசதி மென்பொருள்களில் உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் அதை ஓடவிடுவதைப் பல விளையாட்டுகள் தடை செய்திருப்பதால், அதை அமைப்பதற்கு முன் விதிகளைப் பார்க்க வேண்டும். ஐயம் எழும்போது புதியவர்களுக்கான உரையாடல் தடத்தில் கேட்கலாம். அங்கே தட்டப்படும் கேள்வி, எந்த அறையில் நின்றாலும், அந்தத் தடத்தைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவரின் திரைக்கும் அடுத்த சுழற்சியிலேயே போய்ச் சேரும்.