அலுமினியத்தின் மேல் தோலும் ஓசூர் பட்டறையின் கொதிநீரும்

ஓசூர் வட்டாரத்தில் அலுமினிய வண்டி உதிரிபாகங்களுக்கு அனோடைசிங் (மேல் தோலை மின்சாரத்தால் தடிக்கவைக்கும் வேலை) செய்துதரும் பட்டறைகளில், முடிந்த பாகத்தின் ஓரத்தில் அமிலம் தொட்டுத் துடைத்து, அதே இடத்தில் ஒரு சொட்டுச் சாயம் வைத்துக் கழுவிப் பார்ப்பது எளிய சோதனை. கறை தங்கிவிட்டால் வேலை தேறவில்லை என்று பொருள்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்வது சரியல்ல. காற்றுப் பட்ட கணமே அது ஆக்சைடாக மாறத் தொடங்கிவிடுகிறது. இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே போக, அலுமினிய ஆக்சைடோ உலோகத்தோடு இறுக ஒட்டி, சில நானோமீட்டர் தடிப்பிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் இந்தத் தோல் அமிலத்திலும் காரத்திலும் கரையும். தருமபுரிப் பக்கத்துப் புளியைக் கரைத்து அலுமினியச் சட்டியில் இரவு முழுக்க வைத்தால் உள்பக்கம் மங்கிப்போவது இதனால்தான். உப்பிலுள்ள குளோரைடு வேறு வகை எதிரி. தோல் பலவீனமான இடத்தைத் தேடி ஊசிமுனை அளவில் குழி தோண்டும்.

பலத்துக்காகச் செம்பு சேர்த்த கலவைகளில் அந்தப் பலவீனமான இடங்கள் அதிகம். செம்பு மிகுந்த துகள்கள் எதிர்மின்முனைகளாகி, சுற்றியுள்ள அலுமினியத்தைக் கரையவைக்கின்றன. பலமும் அரிப்பு எதிர்ப்பும் ஒரே கலவையில் கிடைப்பது அரிது.

அனோடைசிங் என்பது இந்தத் தோலை மின்சாரத்தால் தடிக்கவைப்பது. பாகத்தை நேர்மின்முனையாக்கி, சுமார் 15 முதல் 20 சதவீதக் கந்தக அமிலத்தில், ஏறத்தாழ 20 பாகை செல்சியசில், 12 முதல் 20 வோல்ட் வரை கொடுத்தால், 5 முதல் 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை ஆக்சைடு வளர்கிறது. பெயின்ட் போல இது வெளியிலிருந்து பூசப்படுவதல்ல, உலோகமே மாறி வளர்வது என்பதால் எளிதில் உரிவதில்லை. வார்ப்புப் பாகங்களில் மட்டும் தொல்லை: அவற்றில் நிறைந்திருக்கும் சிலிக்கான் ஆக்சைடாக மாறாமல் அப்படியே நிற்பதால், படலம் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக அமைகிறது.

வளர்ந்த படலம் தேனடை போலக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்டது. அவற்றை மூடாவிட்டால் உப்புநீர் உள்ளே இறங்கிவிடும்; முதலில் சொன்ன சோதனையில் சாயக் கறை தங்குவதும் இதனால்தான். அதற்காகவே கொதிநிலையை ஒட்டிய நீரில், ஒரு மைக்ரானுக்கு இரண்டு மூன்று நிமிடக் கணக்கில் பாகத்தை ஊறவைக்கிறார்கள். ஆக்சைடு நீரை ஏற்று உப்பி, துளையை உள்ளிருந்தே அடைத்துக்கொள்கிறது. என் பார்வையில் முழு வேலையின் உயிர்நாடி இந்தத் தொட்டிதான். சிலிக்கேட், பாஸ்பேட், புளோரைடு ஆகியவை லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே அடைப்பு கெடும். கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததும் ஊரறிந்தவை. ஆகவே போர்வெல் நீரை நேராகத் தொட்டியில் விட முடியாது. கரைந்த உப்புகள் அகற்றப்பட்ட, அயனி நீக்கிய நீரே வேண்டும்.

மெக்னீசியத்தின் கதை கடினமானது. அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. ஆனால் அதன் ஆக்சைடு, தான் உருவான உலோகத்தைவிடக் குறைந்த இடத்தையே அடைப்பதால் முழுமையாகப் போர்த்த முடிவதில்லை. கலவையில் இரும்பு மிகச் சிறு அளவு கலந்தாலும் அரிப்பு பன்மடங்காகும் என்பதால், மாங்கனீசைச் சேர்த்து அந்த இரும்பைப் பிடித்துவைக்கிறார்கள். அப்படித் தூய்மைப்படுத்திய மெக்னீசிய மூடியையும் வெறும் எஃகு போல்ட்டால் முடுக்கினால், மழை ஈரத்தில் போல்ட்டைச் சுற்றியே முதலில் அரிக்கும்; அதனால் இடையில் அலுமினிய வாஷரோ, மின்சாரம் கடத்தாத வாஷரோ போடுகிறார்கள்.