பைன்ஃபோன்ல நெட் ஓடுது, கால் ஏன் போகல?

ஆண்ட்ராய்டுக்கு பதிலா லினக்ஸ்ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம்ல ஓடுற பைன்ஃபோன்ல சிம் போட்டாச்சு, மேல சிக்னல் கோடு நிக்குது, நெட்டும் ஓடுது, ஆனா யாருக்காவது போன் அடிச்சா உடனே கட் ஆகிடுது. லினக்ஸ் போன் எடுத்தவங்க நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க, லினக்ஸே சரியில்லன்னு சொல்லிட்டு ஆண்ட்ராய்டுக்கே திரும்பிடுறாங்க. எனக்கு அதான் மனசு கேக்கல, பிரச்சனை பெரும்பாலும் அங்க இல்லவே இல்ல.

அந்த போனுக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு. ஒண்ணு நாம தொடுற ஸ்கிரீனை ஓட்டுற ஆல்வின்னர் ஏ64 சிப். இன்னொண்ணு டவரோட பேசுற க்வெக்டெல் ஈஜி25-ஜிங்கிற மோடம், அதுக்கு தனி ப்ராசஸர், தனி மெமரி, அதுக்குள்ளயும் ஒரு குட்டி லினக்ஸ். டவர் தேடுறது, சிம்முக்குள்ள இருக்குற ரகசிய சாவிய வச்சு "நான் உங்க கஸ்டமர்தான்"னு நெட்வொர்க்குக்கு நிரூபிக்கிறது எல்லாம் மோடம் பாத்துக்கும். லேப்டாப்ல டாங்கிள் சொருகுவோமே, அதேதான், இங்க போர்டுலயே யூஎஸ்பி லைன் போட்டு ஒட்டியிருக்காங்க.

லினக்ஸ் பக்கம் மோடம்மேனேஜர்னு ஒரு சர்வீஸ் மோடத்துகிட்ட வேலை வாங்குது. நாமளே நேரா பேசணும்னா ஏடி கமாண்ட் இருக்கு, 1981ல ஹேஸ்ங்கிற கம்பெனியோட மோடத்தோட வந்த பாஷை, ஏடின்னா அட்டென்ஷன், இன்னைக்கும் 4ஜி மோடம் அதுக்கு "ஓகே"ன்னு பதில் சொல்லுது, எனக்கு அது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாதான் இருக்கு.

நெட்டுக்கு ஏபிஎன் பேரை, அதாவது சிம் கம்பெனியோட இன்டர்நெட் வாசல் பேரை, சரியா போட்டா பெரும்பாலும் போதும். கால் அப்படி இல்ல. 2ஜி, 3ஜில பேச்சுக்குன்னு தனி வழி இருந்துச்சு, 4ஜில எல்லாமே டேட்டா பாக்கெட், அதனால பேசணும்னா மோடம் போய் சிம் கம்பெனியோட ஐஎம்எஸ்ங்கிற, காலைக் கவனிக்கிற சர்வர்ல தனியா ஒரு தடவை ரெஜிஸ்டர் ஆகணும், இதத்தான் வோல்ட்டிங்கிறோம். எப்படி ரெஜிஸ்டர் ஆகணும்ங்கிறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், அந்த செட்டிங்ஸ் எம்பிஎன்னு ஒரு ப்ரொஃபைல் ஃபைலா மோடத்துக்குள்ள இருக்கு. சரியான ப்ரொஃபைல் இல்லன்னா மோடம் காலுக்காக 3ஜி, 2ஜிக்கு இறங்கப் பாக்கும். இறங்க இடம் இருந்தா சரி, ஏடி அண்ட் டிங்கிற போன் கம்பெனி 2022 பிப்ரவரில அமெரிக்காவுல 3ஜிய மூடிடுச்சு, நம்ம ஊர் ஜியோ 2016ல ஆரம்பிச்சப்பவே 4ஜி மட்டும்தான். அங்கெல்லாம் கால் அப்படியே விழுந்துடும்.

ஏடி கமாண்ட்லயே ப்ரொஃபைல் லிஸ்ட்டை வாங்கிப் பாருங்க, உங்க கம்பெனி பேர் இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க, இல்லன்னா ரோ ஜெனரிக்னு ஒரு பொது ப்ரொஃபைல் இருக்கும், அதைப் போட்டு ஐஎம்எஸ்ஸை 1ன்னு வச்சு, அதாவது ஆன் பண்ணி, மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணுங்க. சில கம்பெனி போனோட அடையாள நம்பரான ஐஎம்இஐயைப் பாத்து தன்னோட லிஸ்ட்ல இல்லாத போனுக்கு வோல்ட்டி தராது, அதுக்கு நம்ம பக்கத்துல மருந்து இல்ல, வேற கம்பெனி சிம்முக்கு மாத்துறதுதான் வழி.

கால் வந்துடுச்சு, ஆனா ரிங் லேட்டா அடிக்குதா? பேட்டரி மிச்சமாகட்டும்னு ஸ்கிரீனை ஓட்டுற ஏ64 சிப் தூங்கிடும், மோடம் மட்டும் முழிச்சிருக்கும். கால் வந்ததும் ஒரு சின்ன கம்பி வழியா அதைத் தட்டி எழுப்பும், அது எழுந்து சுதாரிச்சு ரிங்டோன் போடுறதுக்குள்ள கூப்பிட்டவங்க காதுல ரெண்டு மூணு ரிங் போயிருக்கும்.