ஆயா தலையாட்டினார், நான் நம்பிவிட்டேன்

நான் திருநெல்வேலிப் பக்கம். நர்சிங் முடித்து வடசென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், காசிமேட்டுப் பெரியவர் ஒருவர், "இன்னா சிஸ்டர், இப்டி வந்து குந்து" என்றார். எங்கள் ஊரில் நர்ஸ் யூனிஃபார்ம் போட்டவரை யாரும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாத்திரையை நீட்டிவிட்டு நகர்ந்தேன். பெற்ற மகளிடமும் அவர் அப்படித்தான் பேசுவார் என்பது, மகள் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. அதுவரை அவர் என்னிடம் எதுவுமே வாய்விட்டுச் சொல்லவில்லை. என் முகம் அவருக்கு என்ன சொல்லியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

நோயாளியின் பண்பாடு தெரியாமல் அவரைச் சரியாகக் கவனிக்க முடியாது என்பதை மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்க நர்ஸ் 1950களிலேயே கண்டுகொண்டார். பாடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதினேன். வார்டில்தான் விளங்கியது.

வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கச் சொல்லித்தருகிறார்கள். பல பெரியவர்கள் அதற்கு விழிப்பார்கள். "நேத்து ஒரு ரூபா வலின்னா இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டால் "நாலணா கொறஞ்சிருக்கு" என்று டக்கென்று பதில் வரும். எப்படி வலிக்கிறது என்பதற்கும் நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சுருக்கென்று குத்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, கடுக்கிறது, குடைகிறது, பிசைகிறது. அவர் சொன்ன சொல்லை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். 'வலி இருக்கிறது' என்று சுருக்கி எழுதினால் பாதித் தகவல் போய்விடும்.

ஆண்கள் சிலர் வலியென்றே சொல்ல மாட்டார்கள். "கேஸு தான் சிஸ்டர், ஒரு சோடா குடிச்சா போயிடும்" என்பார்கள். கை மட்டும் மூடிய முஷ்டியாக நெஞ்சின் நடுவில் இருக்கும், நெற்றி வியர்த்திருக்கும். வாயை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள். மாரடைப்பாக இருக்கலாம், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். பெண்கள் "உடம்பு சூடு" என்றால் நீர்க்கடுப்போ வெள்ளைப்படுதலோ இருக்கலாம். மகனோ மாமனாரோ பக்கத்தில் நின்றால் அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்கிரீனை இழுத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் அந்த ஆயா. (இங்கே பாட்டியை ஆயா என்பார்கள். நான் "ஆச்சி" என்று கூப்பிட்டபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.) கொருக்குப்பேட்டைக்காரர், சர்க்கரை நோயாளி. டிஸ்சார்ஜ் அன்று இன்சுலின் பற்றி விளக்கினேன். ஊசி போட்டு அரை மணியில் சாப்பிட வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது. கண்ணைத் தரையில் வைத்தபடி, ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் தலையை ஆட்டி "செரிமா" என்றார். கேஸ் ஷீட்டில் 'விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்' என்று எழுதினேன்.

எட்டாம் நாள் நினைவு தப்பிய நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலே ஆபத்து. அவருக்கு 38. அன்று ஆடி வெள்ளி, அம்மனுக்கு விரதம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தவர், நான் சொன்னேனே என்று ஊசியை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். குளுக்கோஸ் ஏறிக் கண் விழித்ததும், "விரதம்னு ஏன் ஆயா சொல்லலை?" என்றேன்.

"நீ திட்டுவியே கண்ணு."

அந்தத் தலையாட்டல் அவர் எனக்குத் தந்த மரியாதை. அதைப் புரிதல் என்று எழுதி வைத்தது என் தப்பு.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை அன்றோடு விட்டேன். "வீட்டுல மருமக கேட்டா எப்படிச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்கிறேன். ஊசியைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்கிறேன். ஆடி பிறக்கும் முன்பே விரதம் உண்டா என்று நானாகக் கேட்டுவிடுகிறேன். மண்ணடி, ராயபுரத்து முஸ்லிம் அம்மாக்களிடம் ரம்ஜானுக்கு ஒரு மாதம் முன்பே நோன்பு பற்றிக் கேட்கிறேன். மருந்தின் அளவையும் நேரத்தையும் டாக்டர் மாற்றித்தர முடியும். விரதமே கூடாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் அதைத் திட்டாமல் சொல்லலாம்.

மறுவருஷம் ஆனி கடைசியில் ஆயாவே ஓ.பி.க்கு வந்து என்னைத் தேடிப் பிடித்தார். "வெள்ளிக்கெழம கோயில்ல கூழு ஊத்துறாங்கோ. ஊசிய இன்னா பண்றதுன்னு டாக்டராண்ட கேட்டுச் சொல்லு." சீட்டை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து அவரை உள்ளே அழைத்துப் போனேன்.