பால்கனியில் பிடித்த சிகரெட் தொட்டில் வரை வருவது எப்படி?

சாப்பாடு முடிந்ததும் அப்பா பால்கனிக்குப் போகிறார். கதவை மறக்காமல் சாத்திக்கொள்கிறார். ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்து, வாய் கொப்பளித்து, கையைக் கழுவி, ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குகிறார். குழந்தை வழக்கம்போல அவருடைய சட்டைக் காலரில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது.

பொறுப்பான அப்பாதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் சில வருடம் இதே கணக்கில் காலம் தள்ளியவன். அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்பது, நான் விட்ட மூன்றாவது வாரம் பீரோவிலிருந்து பழைய ஜெர்க்கினை எடுத்தபோதுதான் மூக்கில் அடித்தது. அதுவரை அந்த வாடை எனக்குத் தெரிந்ததே இல்லை. வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குழந்தை பக்கத்தில் இருக்கும்போது புகைக்கலாமா என்று யாரைக் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்வார்கள். புகைக்கிற பெற்றோரின் மனசுக்குள் ஓடுகிற கேள்வியே வேறு: எவ்வளவு தள்ளிப்போனால் போதும்? அதற்குப் பதில் வேண்டுமென்றால் ஒரே ஒரு சிகரெட்டின் புகையைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கவேண்டும்.

ஒரு இழுப்பு சுமார் 2 விநாடி. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தால் மொத்தம் 20 விநாடி. ஆனால் சிகரெட் எரிந்து தீர ஐந்தாறு நிமிடம் ஆகிறது. மிச்ச நேரமெல்லாம் யாரும் இழுக்காமலே, விரலிடுக்கிலோ ஆஷ்ட்ரே விளிம்பிலோ அது பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கிறது. அறைக்குள் சேரும் புகையில் பெரும்பங்கு, ஏறத்தாழ 85 சதவீதம், இப்படிக் கங்கிலிருந்து நேராகக் கிளம்புவதுதான். புகைப்பவர் ஊதி விடுவது கொஞ்சம்தான்.

இந்த இரண்டு புகையும் ஒன்று கிடையாது. இழுக்கும்போது காற்று வேகமாக உள்ளே போவதால் கங்கின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. சும்மா இருக்கும்போது 600 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஈர விறகு எரிவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: சூடு குறைந்து, காற்றும் போதாமல் அரைகுறையாக எரிகிற எதுவும் கண்ணைக் கரிக்கும். கங்குப் புகையிலும் அதே கதைதான். கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் எல்லாமே, எரிகிற புகையிலையின் அளவுக்கு ஒப்பிட்டால், இழுக்கும் புகையைவிட இதில் அதிகம். தவிர, இழுக்கிறவருக்கு நடுவில் ஒரு ஃபில்டராவது இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் இல்லை.

இதை முதலில் துல்லியமாக அளந்து பார்த்தவர்களில் சிகரெட் கம்பெனிக்காரர்களே உண்டு. பிலிப் மோரிஸ் நிறுவனம் 1971இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தை விலைக்கு வாங்கியது. 1980களில் அங்கே எலிகளை வைத்துக் கங்குப் புகையைச் சோதித்தார்கள். ஒரு கிராமுக்கு ஒரு கிராம் ஒப்பிட்டால், கங்கிலிருந்து வரும் புகை, புகைப்பவர் இழுக்கும் புகையைவிடச் சுமார் நான்கு மடங்கு நச்சு என்று தெரிந்தது. அந்த முடிவுகள் அலமாரியிலேயே கிடந்தன. வழக்குகளின் காரணமாக நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்த பிறகு, 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றைத் தோண்டியெடுத்துப் பிரசுரித்தார்கள். தன் சரக்கின் குணம் விற்பவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்ன.

சரி, புகை கிளம்பிவிட்டது. அப்புறம் எங்கே போகிறது? கண்ணுக்குத் தெரிகிற அந்த நீலச் சுருள் சில விநாடியில் கலைந்துவிடும். கலைந்தது என்றால் காணாமல் போனது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை; ஒரு தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்குகூடத் தேறாது. அவ்வளவு பொடிசாக இருப்பதால் அவை தரையில் படியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கு அவற்றுக்கு ராஜபாட்டை.

மின்விசிறி போட்டால் போய்விடும் என்பவர்கள் உண்டு. விசிறி காற்றைக் கலக்கும், வெளியேற்றாது. மூலையில் இருந்த புகையைத் தொட்டில் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைத்தான் அது செய்கிறது. ஜன்னலைத் திறந்தால்? ஒரு மணி நேரத்தில் அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய காற்று முழுக்க வெளியே போய்விடாது. புதுசும் பழசும் கலந்து கலந்துதான் போகும். அதனால் ஒரு மணி நேரம் கழித்தும் 37 சதவீதப் புகை உள்ளேயே இருக்கும். 5 சதவீதத்துக்கு இறங்க மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் பலர் அடுத்ததைப் பற்றவைத்துவிடுவார்கள்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி வைத்த வீடுகளிலும் நிலைமை கிட்டத்தட்ட இதேதான். அமெரிக்காவின் பால்டிமோரில், ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருந்த வீடுகளில் இதைச் சோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காற்றில் துகள்கள் பாதியளவுக்குக் குறைந்தன. காற்றில் இருந்த நிகோடினோ, குழந்தைகளின் சிறுநீரில் தெரிந்த அதன் தடயமோ குறையவில்லை. அந்த ஃபில்டர்கள் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். காற்றில் பரவிய சிகரெட் புகையில் நிகோடின் பெரும்பாலும் வாயுவாகவே இருக்கிறது.

இப்போது குழந்தையின் பக்கம் வருவோம். பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை. உடல் எடைக்குக் கணக்கிட்டால் ஒரே அறையில், ஒரே காற்றில், நம்மைவிடக் குழந்தை உள்ளே இழுப்பது அதிகம். எழுந்து வெளியே போகவும் அதற்குத் தெரியாது.

அதைவிட முக்கியம், அந்தக் காற்று போகிற குழாயின் அளவு. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதன் வழியே காற்றைத் தள்ளுவதற்கான தடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை. 16 மடங்கு ஆகிறது. ஆரத்தின் நான்காம் அடுக்கு அங்கே வேலை செய்கிறது. புகை பட்டால் மூச்சுக்குழாயின் உட்சுவர் எரிச்சலடைந்து வீங்கும். வீக்கம் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களின் அகலமான மூச்சுக்குழாயில் அது ஒரு செருமலோடு முடிந்துவிடும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழந்தையின் குழாயில் அதே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சமிருக்கும் வழி 2 மில்லிமீட்டர்தான். ஆரம் பாதி, தடை 16 மடங்கு. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் நெஞ்சில் கேட்கும் அந்த விசில் சத்தம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. ஒரு ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியே மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள், ஓரளவு புரியும்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய மயிரிழைகள் அலையலையாக அசைந்து சளியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. புகை அவற்றின் அசைவை மந்தமாக்குகிறது. தள்ளப்படாத சளியில் கிருமி குடியேறுகிறது. புகைக்கிறவர்கள் உள்ள வீடுகளில் குழந்தைகளுக்கு மார்ச்சளியும் நிமோனியாவும் அடிக்கடி வருவதற்கு இது ஒரு காரணம். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் ஊஸ்டேஷியன் குழாயிலும் இதே சங்கதி. குழந்தைகளுக்கு அது நம்முடையதைவிடக் குட்டையாகவும் படுக்கைவாட்டத்திலும் இருக்கிறது. கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். காதுக்குள் நீர் கோத்து, வலியில் குழந்தை வீறிட்டு அழும். பால்கனியில் பிடித்த சிகரெட்டுக்கும் காதுவலிக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

நுரையீரலும் பிறக்கும்போது முழுதாக வருவதில்லை. காற்று நுண்ணறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உருவாகின்றன. கட்டடம் எழும்பும்போதே அதில் புகை படிகிறது. தூக்கத்திலேயே, வேறு காரணம் தெரியாமல், கைக்குழந்தை இறந்துபோகும் கொடுமை ஒன்று இருக்கிறது. கர்ப்பத்தில் தாய் புகைப்பதும், பிறந்த பிறகு வீட்டில் யாராவது புகைப்பதும் அந்த அபாயத்தைக் கூட்டுகின்றன என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

இதெல்லாம் உண்மையிலேயே குழந்தையின் உடம்புக்குள் போகிறதா, அல்லது டாக்டர்கள் பயமுறுத்துகிறார்களா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. உடம்புக்குள் போன நிகோடினைக் கல்லீரல் உடைத்துக் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. நிகோடின் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். கோட்டினின் பாதியாகவே 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் குழந்தையின் எச்சிலைக் கொஞ்சம் பஞ்சில் ஒற்றி எடுத்தால், நேற்றும் முந்தாநாளும் வீட்டில் என்ன நடந்தது என்று அது சொல்லிவிடும். அப்பா சொல்வதும் குழந்தையின் எச்சில் சொல்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

பால்கனி கேள்விக்கான பதிலும் இப்படி அளந்ததில்தான் கிடைத்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: யாருமே புகைக்காத வீடு, குழந்தைக்குப் படக்கூடாது என்று வெளியே போய்ப் புகைக்கிற வீடு, உள்ளேயே புகைக்கிற வீடு. 2004இல் வந்த முடிவு இது. வெளியே போய்ப் புகைப்பவர்களின் வீட்டில் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த நச்சு, புகைக்காத வீட்டைவிட 5 முதல் 7 மடங்கு. உள்ளேயே புகைக்கிற வீட்டில், வெளியே போய்ப் புகைக்கிற வீட்டைவிட 3 முதல் 8 மடங்கு. ஆக, வெளியே போவது வீண் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிச்சயம் பலன் உண்டு. ஆனால் கதவைச் சாத்தினால் கணக்கு பூஜ்யமாகிவிடும் என்ற நம்பிக்கை தப்பு.

மூடிய கதவைத் தாண்டி எப்படி வந்தது? கதவிடுக்கு ஒரு வழி. அப்பாவே இன்னொரு வழி. கடைசி இழுப்பு முடிந்த பிறகும் சுமார் ஒரு நிமிடத்துக்கு நுரையீரலில் தங்கிய புகை மூச்சோடு வெளியே வந்துகொண்டிருக்கும். மிட்டாய் வாசனையை மறைக்கும், புகையை அல்ல. சட்டை, தலைமுடி, விரல் எல்லாவற்றிலும் நிகோடின் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காலரில்தான் குழந்தை முகத்தை வைத்துத் தேய்க்கிறது, சில நேரம் சப்புகிறது. உள்ளே புகைக்கிற வீடு என்றால் சோபா, திரை, பொம்மை, தரை என்று எங்கும் படியும். தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை அடுத்த நொடி வாயில் வைக்கும்.

படிந்த நிகோடின் சும்மாவும் இருப்பதில்லை. எரிவாயு அடுப்பு போன்றவற்றால் வீட்டுக் காற்றில் கொஞ்சம் நைட்ரஸ் அமிலம் இருக்கும். அது நிகோடினோடு சேர்ந்து, புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைன்களைப் புதிதாக உண்டாக்குவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2010இல் காட்டியது. இப்படிப் படிந்து தங்கிவிடும் மிச்சத்துக்கு மூன்றாம் நிலைப் புகை என்று பெயர். காற்றில் மிதக்கும் புகைக்கு எதிராக இருக்கும் ஆதாரம் இதைவிடப் பல மடங்கு வலுவானது என்பதையும் சொல்லிவிடவேண்டும். காலரைப் பார்த்துப் பதறிவிட்டுக் காருக்குள் பற்றவைப்பதில் அர்த்தமில்லை. கார் என்பது சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. கண்ணாடியை இறக்கினாலும் பின் சீட்டுக்குப் புகை போகத்தான் செய்யும். இ-சிகரெட்டில் கங்கு கிடையாது என்பது நிஜம். ஊதுவதில் நிகோடின் இருக்கிறது என்பதும் நிஜம்.

“எங்கப்பா எங்க முன்னாடியே பிடிச்சார், நாங்க நல்லாத்தானே இருக்கோம்” என்ற வாதம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. நன்றாக இருப்பவர்கள்தான் அதைச் சொல்ல முடியும். 2004ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து உலக அளவில் கணக்கிட்டபோது, பிறர் விட்ட புகையால் அந்த ஒரு வருடத்தில் இறந்த குழந்தைகள் சுமார் 1,65,000 பேர். பெரும்பாலும் மார்ச்சளி, நிமோனியா போன்ற தொற்றுகளால். மாறாக, புகையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து உதாரணம். அங்கே 2006 மார்ச்சில் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அதற்கு முன் ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை வருடத்துக்கு 5.2 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. தடைக்குப் பிறகு வருடத்துக்கு 18.2 சதவீதம் இறங்கத் தொடங்கியது. வெளியே தடுத்தால் வீட்டுக்குள் வந்து பிடிப்பார்கள் என்று பலர் பயந்திருந்தார்கள். அப்படி நடக்கவில்லை.

விட முடியாத நாட்களில் எதைச் செய்தால் எவ்வளவு குறையும் என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்: வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் ஒருபோதும் இல்லை, பிடித்தால் கதவு ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி, உள்ளே வருமுன் கொஞ்சம் பொறுத்து, மேல்சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குவது. இதையெல்லாம் தினமும் ஐந்து தடவை செய்து பார்த்தவர்களில் சிலர், விடுவதே சுலபம் என்று விட்டிருக்கிறார்கள். நானும் ஏறத்தாழ அப்படித்தான்.

விட்டால் குழந்தையின் எச்சிலில் கோட்டினின் நாலைந்து நாளில் அநேகமாக ஒன்றுமில்லாமல் போய்விடும். சுவருக்குத்தான் நாளாகும். உள்ளேயே புகைத்துப் பழகிய வீட்டில், பல வருடம் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால் பின்னால் வெள்ளைச் சதுரம் ஒன்று தெரியும். சுற்றிலும் இருக்கும் மஞ்சளைச் சுவரின் நிறம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்போம். அதன்மேல் நேராகப் புது பெயிண்ட் அடித்தால் கறை மெல்ல மேலே கசிந்து வந்துவிடும். அதனால் வேலை தெரிந்த பெயிண்டர் முதலில் சுவரைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைப்பார். வாளித் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்து மறுபடியும் துடைப்பார், பிறகு கறையை அடைக்கும் பிரைமர், அதற்கப்புறம்தான் பெயிண்ட்.