ஜனவரியில் தக்காளி வாடினால் குழாயைத் திறக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி என்றால் கோடை, மழைக்காலமும் அதுவே. தைப்பொங்கல் முடிந்து காவடி நாள் நெருங்கும்போது இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஒரே முறையீடுதான் வருகிறது. "இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கு, செடி மட்டும் துவண்டு கிடக்கு. ரெண்டு வேளையும் தண்ணி விடறோம், எழும்ப மாட்டேங்குது." இந்த வாரம் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டில் பதினெட்டுத் தக்காளிச் செடிகள், காய் பிடித்த பிறகு, பத்தே நாளில் போய்விட்டன. பாத்தியில் விரலை விட்டால் சேறு. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுத்து நாறுகிறது. அந்தச் செடிகளுக்குக் கடைசி நாள் வரை காலையும் மாலையும் குழாய்த் தண்ணீர் ஓடியிருக்கிறது.

வாடிய செடி என்றாலே தாகம் எடுத்த செடி என்று நினைக்கிறோம். இந்த நினைப்பை எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த கோடையில் திரும்பி வந்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாதபோது செடி வாடும். மண் காய்ந்திருந்தால் அப்படி ஆகும். மண்ணில் நீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் மூச்சுத்திணறிச் செத்திருந்தாலும் அப்படித்தான் ஆகும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும், உறிஞ்ச வேர் இருக்காது. நோய்க்கிருமி தண்டின் நீர்க்குழல்களை அடைத்தாலும் அதே வாட்டம். இவை எதுவுமே இல்லாமல், பூசணி, சுரை, பீர்க்கு போன்ற அகன்ற இலைக் கொடிகள் நடுப்பகல் வெயிலில் தாமாகத் தொய்ந்து, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும். ஆக நான்கு காரணம், நான்குக்கும் ஒரே தோற்றம். தண்ணீர் உதவுவது முதல் ஒன்றுக்கு மட்டும். கொடிகளுக்கு அது தேவையே இல்லை. மற்ற இரண்டில் நீங்கள் விடும் தண்ணீர் கேட்டைத்தான் கூட்டும்.

அதனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். காலை ஆறு மணிக்குப் பாருங்கள். அப்போதும் துவண்டிருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு மறையும் வரை மண்ணில் செருகுங்கள். ஈர மண் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று தண்ணீர் கிடையாது. தொட்டியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். நனைந்த தொட்டியின் கனத்தையும் காய்ந்த தொட்டியின் கனத்தையும் ஒரு வாரத்தில் கை தானே கற்றுக்கொள்ளும். மேல்மண் வெளுத்திருக்கிறது என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

கணக்கும் எளிதுதான். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீர் போதும், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடும். பக்கங்கள் நேராக உள்ள காலி டின் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். வாரக் கடைசியில் அதில் ஓர் அங்குலம் மழைநீர் நின்றால் ரப்பர் குழாய் சுருட்டியபடியே கிடக்கட்டும். டர்பனின் பெரியா மேட்டுப் பக்கம் போல் சிவந்த மணல் உள்ளவர்கள் மட்டும், மழையில்லாத வாரங்களில் இதே அளவை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து விடலாம். உண்மையில் நம் தோட்டம் தண்ணீருக்கு ஏங்குவது ஜூலை, ஆகஸ்டில். குளிர்காலம் வறண்டது, அத்துடன் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று சூடாக இறங்கும் நாட்களில் நாற்றுகள் ஒரே பகலில் கருகிவிடும். அப்போது, "குளிர்தானே" என்று குழாயை மறந்துவிடுகிறார்கள்.

மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த மனைகளில் மேல்மண் எப்போதோ போய்விட்டது. மிஞ்சியிருப்பது களி. அங்கே பள்ளம் தோண்டி நட்டால் கிண்ணத்தில் நட்ட மாதிரிதான். 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பதும் தவறு. நீர் கல்லுக்கு மேலேயுள்ள மண்ணிலேயே தங்கும், வேருக்கான இடம்தான் குறையும். ஓட்டைகள் போதும். மழைக்காலத்தில் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தக்காளிக்கு 20 லிட்டர், மிளகாய்க்கு 10 லிட்டர்த் தொட்டிக்குக் குறைய வேண்டாம்.

இனி அந்தப் பச்சை வாட்டம். தக்காளி, கத்திரி, மிளகாய், உருளை ஆகிய ஒரே குடும்பத்துச் செடிகளைத் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய் இது. சூடான, ஈரமான மண் இதற்கு உகந்தது. ஜனவரி டர்பன் மண் வேறெப்படி இருக்கும்? தண்டை அடியில் வெட்டி, ஐந்தாறு சென்டிமீட்டர் துண்டு ஒன்றை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டிய முனை மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் முனையிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் தீர்ப்பு முடிந்தது. இதற்கு மருந்து இல்லை. கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செடியை வேர்மண்ணோடு தோண்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடக் கூடாது. கத்தரிக்கோலையும் மண்வெட்டியையும் கழுவி, நீர் கலந்த ப்ளீச்சில் நனைத்துக் காயவிடுங்கள். செருப்பில் ஒட்டிய மண்ணிலும், பாத்தியிலிருந்து பாத்திக்கு ஓடும் நீரிலும் நோய் பரவும் என்பதால் குழாயைத் திறக்காதீர்கள் என்று இத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பமே வேண்டாம். சோளம், வெண்டை, பீன்ஸ் போடலாம். தக்காளி இல்லாமல் முடியாது என்றால் புது மண் நிரப்பிய தொட்டியில் வையுங்கள்.

தம்ளரில் இழை இறங்கவில்லையா? வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. மணல் மண்ணில் வெண்டையும் தக்காளியும் இதனிடம் நிறையவே அடிபடும். பீன்ஸ் வேரில் இருக்கும் முண்டுகளைப் பார்த்து இதுவும் அதுவே என்று பயந்து பிடுங்குகிறவர்கள் உண்டு. அவை நல்லவை, நகத்தால் தள்ளினால் கழன்று வரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு கழலாது, வேரோடு வேராக இருக்கும். அறுவடை முடிந்ததும் வேர் மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு, அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லி போட்டு இரண்டு மூன்று மாதம் விடுங்கள். மாலைக்கும் ஆகும். ஓரத்தில் இரண்டு செடி நட்டால் பூதான் கிடைக்கும், புழு போகாது.

இந்த இடத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நூற்புழுவுக்கு, எறும்புக்கு, எலிக்கு என்று தெருவோரத்தில் சிறு பொட்டலமாக விற்கும் கறுப்புக் குருணையை வாங்காதீர்கள். ஆல்டிகார்ப், டெர்புஃபோஸ் போன்ற கொடிய பண்ணை நஞ்சுகள்தான் அப்படி லேபிள் இல்லாமல் கைமாறுகின்றன. 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகளின் உயிரைக் குடித்தது டெர்புஃபோஸ். இவற்றை வேர் உறிஞ்சிச் செடி முழுக்க ஏற்றிக்கொள்ளும், கழுவினால் போகாது. பேரப்பிள்ளைகள் வெள்ளரியைப் பறித்து அப்படியே கடிக்கும் பாத்தி அது. வீட்டில் ஏற்கெனவே பொட்டலம் இருந்தால் மண்ணில் கொட்டாதீர்கள், சாக்கடையிலும் கரைக்காதீர்கள். பூட்டி வைத்து, நகராட்சியின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தைக் கேட்டு ஒப்படையுங்கள்.

உரத்திலும் ஒரு வாட்டம் இருக்கிறது. பச்சைக் கோழி எருவைத் தண்டோடு ஒட்டிப் போட்டால் இரண்டு நாளில் இலை ஓரம் கருகித் தொங்கும். மூன்று மாதம் குவித்து மக்க விட்டு, வாடை போன பிறகு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. மூட்டையில் 2:3:2 (22) என்று (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம், மொத்தம் 22 விழுக்காடு) போட்டிருக்கும் உரம் நடுவதற்கு முன் சதுர மீட்டருக்கு 60 கிராம், மண்ணோடு கலந்து. கைப்பிடி கைப்பிடியாகத் தூவுவது அளவல்ல. மூடாக்குக்கு வெர்லம், டோங்காட் பக்கம் கிடைக்கும் கரும்புச் சோகையே அருமை. ஐந்து சென்டிமீட்டர் கனம் போதும், தண்டைத் தொடாமல் இருக்கட்டும்.

கடைசியாக, விதைக்கும் பட்டம். சென்னையில் எடுத்த காணொளியைப் பார்த்து, "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று இங்கே ஆடியில் வெண்டை விதைக்கிறார்கள். இங்கே ஆடி குளிர்காலம், மழை குறைந்த மாதம். குளிர்ந்த மண்ணில் வெண்டை விதை முளைக்காமலே அழுகும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வழிவந்த தோட்டக்காரர்கள் இந்த மண்ணின் பட்டத்தைப் புதிதாகக் கற்றுத்தான் டர்பன் சந்தைக்குக் காய்கறி ஏற்றினார்கள். புரட்டாசி விரதம் முடியும் சமயம் வெண்டை, பாகல், சுரை, முளைக்கீரை விதையுங்கள். மழைநீர் நிற்கும் மூலையை வீணாக விடாமல் அங்கே மதும்பி என்று இங்கே சொல்லும் சேம்பை நடுங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் திருவிழா நடக்கும் நாட்களில் கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத் தூவுங்கள். கேரட், கோஸ், பட்டாணியும் அப்போதுதான். தக்காளியையும் அந்தப் பருவத்துக்குத் தள்ளிப் போடுங்கள். பனி விழாத கடலோரத்தில் மார்ச்சிலிருந்து மே வரை நட்ட நாற்று குளிர்காலம் முழுக்கக் காய்க்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உறைபனி உண்டு, அங்கே இது ஒத்துவராது. ஆகஸ்ட் கடைசியில் நாற்றுவிட்டு, பனி விலகியதும் நட்டு, பெருமழைக்கு முன் முதல் பறிப்பை எடுத்துவிடப் பாருங்கள்.