கல்லை எடுக்கும் முன் இடத்தை எழுதுங்கள்

கல்லூரியில் நிலவியல் பாடம் எடுக்கிறேன். மாணவர்களை அரியலூர், பெரம்பலூர் பக்கம் களப்பயணம் கூட்டிப் போவதும் என் வேலை. அதனால் "சார், இது என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று யாராவது பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைப்பது வழக்கம். பெரும்பாலும் அம்மோனைட்டாக இருக்கும், அதாவது அழிந்துபோன ஒரு கடலுயிரியின் சுருண்ட ஓடு. சில நேரம் சிப்பி, சில நேரம் பெலம்னைட், அதாவது கணவாயின் பழங்கால உறவான ஓர் உயிரியின் தோட்டா போல நீண்ட உள்ளோடு. எங்கே கிடைத்தது என்று கேட்டால், "காரை பக்கம்தான் சார்" என்பதற்கு மேல் பதில் வராது. அந்தக் கல் சொல்லக்கூடியதில் பெரும்பகுதி அப்போதே போய்விட்டது.

இப்படித் தொல்லுயிர் எச்சம் (ஃபாசில்) தேடுவது அருமையான பொழுதுபோக்கு. அதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். நம் பகுதியில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர்களே துறை சாராதவர்கள்தான். 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சேகரித்த கேயும் கன்லிஃபும் சென்னை மாகாண அரசு அலுவலர்கள். அவர்கள் லண்டனுக்கு அனுப்பிய கிளிஞ்சல்களையும் அம்மோனைட்டுகளையும் இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, தென்னிந்தியாவில் கிரெட்டேசியக் காலத்தில் (டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டம்) வாழ்ந்த கடலுயிர்களைப் பல தொகுதிகளாக விவரித்து எழுதினார். உயிரியின் பெயரோடு ஊட்டத்தூர், ஓதியம் என்று ஊர்ப் பெயரும் அதில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அந்த ஊருக்குப் போய் அதே பாறையைத் தேடிப் பார்க்க முடிவது அதனால்தான்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? காரையில் தெரியும் களிமண் அடுக்குகள் சுமார் 10 கோடி ஆண்டு பழையவை. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது சுமார் 7 கோடி ஆண்டு. இரண்டும் ஒரே பையில் கலந்துவிட்டால், நடுவே இருக்கும் 3 கோடி ஆண்டு காணாமல் போகிறது. காரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழைநீர் அரித்த ஓடைகளில் மேலடுக்குக் கல் உருண்டு கீழே வந்து கிடக்கும். ஓடைத் தரையில் கிடந்ததா, பாறையில் பதிந்திருந்ததா என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட எங்களுக்குப் பெரிய உதவி.

கல்லங்குறிச்சிப் பாறையில் கிரைஃபியா என்ற சிப்பி அடுக்கடுக்காகக் கிடக்கும். அது உயிரோடு இருந்தபோது குழிந்த கனமான ஓடு சேற்றில் கீழே அமர்ந்திருக்கும். தட்டையான ஓடு மேலே மூடியாக இருக்கும். பாறையில் அதே நிலையில், இரண்டு ஓடும் சேர்ந்தே இருந்தால் அது வாழ்ந்த இடத்திலேயே புதைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓடுகள் பிரிந்து, கவிழ்ந்து, உடைந்து கிடந்தால் அலையோ நீரோட்டமோ புரட்டியிருக்கிறது என்று பொருள். கையில் எடுத்த அடுத்த நொடி இந்தச் செய்தி அழிந்துவிடும். ஆகவே தொடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம், கொஞ்சம் தள்ளி நின்று பாறை முழுவதும் தெரிய இன்னொரு படம். போனிலேயே இருப்பிடக் குறியீடு கிடைக்கும். அப்புறம் ஊர்ப் பெயர், தேதி, பாறையின் நிறம், தன்மை ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கல்லோடு அதே பையில் போடுங்கள். உயிரியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் பலர் செய்வது கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்குவது. தயவுசெய்து வினிகரில் போடாதீர்கள். சிப்பி ஓடும் பெலம்னைட்டும் கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே தாது. அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். முதலில் போவது மேற்பரப்பின் நுணுக்கம்தான். அம்மோனைட்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னக் குழாய்களை அழுக்கென்று சுரண்டிவிடுகிறார்கள். அவை குழாய்ப் புழுக்கள் கட்டிய வீடுகள். எந்தப் பக்கம் ஒட்டின, ஓட்டின் உள்ளேயும் ஒட்டினவா என்று பார்த்தால், அம்மோனைட் நீந்திக்கொண்டிருந்தபோதே ஏறினவா, இறந்து கடலடியில் கிடந்தபோது ஏறினவா என்றுகூடச் சில நேரம் சொல்லலாம். காய்ந்த பல் துலக்கும் பிரஷ் போதும். வார்னிஷும் வேண்டாம்.

எங்கே எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாத்தனூர்க் கல்மரமும் (கல்லாகிப்போன மரம்) திருவக்கரைக் கல்மரப் பூங்காவும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். ஒரு துண்டுகூடத் தொடாதீர்கள். காரை – குளக்காநத்தம் பகுதியில் மழைநீர் அரித்து ஓடை ஓடையாக்கிய நிலமும் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் புவிப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அங்கே பாருங்கள், படம் எடுங்கள், விட்டுவிட்டு வாருங்கள். சிமென்ட் ஆலைச் சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் போவது சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. வெட்டிய பாறைமுகம் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. மற்ற இடங்களிலும் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, உதிர்ந்து கிடப்பதில் ஒன்றிரண்டு போதும். உளியும் சுத்தியலும் தேவையில்லை. இணையத்தில் விற்பனைக்கு வருவதை வாங்காதீர்கள். வாங்க ஆளிருந்தால் தோண்ட ஆள் வருவார்.

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. அவை தாதுக்கள் படிந்து திரண்ட உருண்டைகள். அம்மோனைட் போன்ற உயிரியின் எச்சத்தைச் சுற்றியே இப்படித் திரள்வதும் உண்டு. உண்மையான முட்டையில் மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் உடைத்துப் பார்க்காதீர்கள்.

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொல்லுயிர் எச்சங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிப் போங்கள். கண்ணுக்குப் பழகிய பிறகு களத்துக்குப் போகலாம். அரிதாக ஏதாவது கிடைத்ததென்று தோன்றினால் அங்கேயோ, நிலவியல் துறை உள்ள பக்கத்துக் கல்லூரியிலோ காட்டுங்கள். போகும்போது கிடைத்த இடத்தில் எடுத்த படங்களும் போனில் இருக்கட்டும். என்னைப் போன்றவர்கள் முதலில் அவற்றைத்தான் கேட்போம்.